ஸ்வால்பார்ட் போகிறவர்களுக்கு: 500 மீட்டர், 43 இடங்கள், 1946 – இந்தச் சட்டங்கள் நியாயமா?

கோவை குமரன்

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடம் சேர்த்த காசில் நானும் மனைவியும் வரும் ஜூனில் ஸ்வால்பார்ட் போகிறோம், நார்வேக்கு வடக்கே துருவத்துக்குப் பாதி வழியில் இருக்கிற தீவுக்கூட்டம், எட்டு நாள் கப்பல் பயணம். நேற்று கப்பல் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. 2025 ஜனவரி 1 முதல் சட்டம் மாறிவிட்டதாம், ஜூன் கடைசி வரை பனிக்கரடிக்கு 500 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 43 இடங்களில் மட்டும்தான் கரை இறங்கலாம், அங்கே ட்ரோன் பறக்கவிடவே கூடாது. லென்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் அரை கிலோமீட்டர் தூரத்தில் கரடி ஒரு மஞ்சள் புள்ளியாகத்தான் தெரியும்.

என் கேள்வி இதுதான். 1920 ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது, எல்லா நாட்டவருக்கும் அங்கே சம உரிமை என்று படித்தேன். அப்படி இருக்கும்போது நார்வே மட்டும் உட்கார்ந்து இப்படிச் சட்டம் போட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கொஞ்சம் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

சட்டப்புத்தகம்

குமரன் சார், நீங்கள் படித்தது சரிதான், ஆனால் பாதிதான். 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் அது, 1925 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அந்தத் தீவுகள் யாருக்கும் சொந்தமில்லை, வந்தவன் கம்பு நட்டு “இது என் நிலக்கரி” என்று எழுதி வைத்துவிட்டுப் போவான். ஒப்பந்தத்தின் முதல் பிரிவே இறையாண்மையை நார்வேக்குக் கொடுத்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது பிரிவுகளில்தான் நீங்கள் சொல்கிற சம உரிமை வருகிறது, மீன்பிடி, வேட்டை, சுரங்கம், வணிகம் எல்லாவற்றிலும் ஒப்பந்த நாடுகளின் குடிமக்கள் சமம். இந்தியா அன்று பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாக அதில் சேர்ந்தது, இன்றும் அந்த இடம் நமக்கு இருக்கிறது.

பலரும் கவனிக்காத வரி ஒன்று அதே இரண்டாவது பிரிவில் இருக்கிறது. விலங்குகளையும் தாவரங்களையும் காக்க, தேவைப்பட்டால் மீட்டெடுக்க, நார்வே விதிகள் போடலாம், ஆனால் அந்த விதி எல்லா நாட்டவருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், யாருக்கும் தனிச் சலுகை கூடாது என்று. ஊர்க் குளத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு, ஆனால் மடையை ஒருவர்தான் திறந்து மூட வேண்டும் இல்லையா, அந்த மாதிரி. 2001-இல் வந்த ஸ்வால்பார்ட் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இந்த வரியின் மேல்தான் நிற்கிறது. 2002 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது, உங்களுக்கு வந்த 2025 விதிகள் அதில் செய்த திருத்தங்கள். ஆக, உங்களை 500 மீட்டரில் நிறுத்துகிற சட்டம் ஓஸ்லோவிலிருந்து வரும் நார்வேக்காரரையும் அங்கேதான் நிறுத்துகிறது.

திரோம்சோ தம்பி

குமரன் அண்ணா, நான் வட நார்வேயில் வளர்ந்தவன். அப்பா எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்து ஃபின்மார்க்கில் மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை செய்தார், அந்தக் கரையோர ஊர்களில் அப்போது நம் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். நான் மூன்று கோடைகாலம் ஸ்வால்பார்ட் சுற்றும் ஒரு சிறிய கப்பலில் சமையலறை வேலை பார்த்தேன். புது விதி வருவதற்கு முன்னால்.

ஒரு ஜூன் இரவு, இரவு என்றாலும் வெயில்தான், மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல் கையை அங்கே ஃபியோர்டு என்பார்கள், அப்படி ஒரு ஃபியோர்டின் முடிவில் கரையோடு ஒட்டிய கடற்பனி இன்னும் உடையாமல் இருந்தது. அதன்மேல் ஒரு தாய்க்கரடி வயிற்றைப் பனியில் ஒட்டிப் படுத்திருந்தாள், முகத்துக்கு நேரே சீல் (கடல்நாய்) மூச்சு விட வருகிற துளை. இரண்டு குட்டிகள் இருபதடி பின்னால், ஒன்றின் மேல் ஒன்று. சீல் எப்போது வரும் என்று தெரியாது, தாய் அப்படியே கிடக்க வேண்டும், சில நேரம் மணிக்கணக்கில். நாங்கள் மெதுவாகத்தான் போனோம், எஞ்சினையும் குறைத்துத்தான் வைத்திருந்தோம். எங்களுக்கு முன்பே இன்னொரு கப்பல் வந்து நின்றிருந்தது, அப்புறம் மூன்றாவதாக ஒன்று வந்தது. யாரும் அவளைத் துரத்தவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. அவள் ஒரு தடவை தலையைத் தூக்கி மூக்கைக் காற்றில் பிடித்தாள், எழுந்தாள், குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மறுபக்கம் நடந்து போய்விட்டாள். மேல்தளத்தில் எல்லோரும் நல்ல படம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டார்கள். நான் சமையலறைக் கதவருகே நின்று அந்தத் துளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரவுச் சாப்பாடு அவளுக்குக் கிடைத்திருக்காது, குட்டிகளுக்குப் பாலும் குறைந்திருக்கும்.

மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர், மற்ற மாதங்களில் 300 மீட்டர் என்று பிரித்ததற்குக் காரணமும் இதுதான். குட்டிகளோடு குகையிலிருந்து வெளியே வருவது, இணை சேர்வது, பனி உடைவதற்குள் சீல் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்வது எல்லாம் அந்த நான்கு மாதத்துக்குள் நடக்கிறது. தெரியாமல் நெருங்கிவிட்டால்கூட உடனே அந்தத் தூரத்துக்குப் பின்வாங்க வேண்டும்.

மணல்மேடு

தம்பி சொன்னது மனதைத் தொடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாடு முழுவதையும் பார்த்துப் பேசுவோம். பேரன்ட்ஸ் கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுத்து விற்கிற நார்வே, நூறு வருடத்துக்கு மேல் அந்தத் தீவிலேயே நிலக்கரி தோண்டிய நார்வே, இப்போது படம் எடுக்க வருகிறவனிடம் தூரம் பேசுகிறது. கடற்பனி உருகுவது ரப்பர் படகால் இல்லையே, எரித்த எண்ணெயால்தானே. கரடிக்கு முதல் எதிரி யார்?

இரண்டாவது, 43 இடம் என்ற கணக்கு. இதற்கு முன் கப்பல்கள் நூற்றுக்கணக்கான இடங்களில் சிதறி இறங்கின, ஒரு கடற்கரைக்கு வருடத்தில் ஓரிரு தடவைதான் ஆள் வரும். இப்போது அத்தனை கால்களும் அதே 43 இடத்தில் விழுந்தால் அங்கே இருக்கிற பாசியும் மெல்லிய மண்ணும் என்ன ஆகும்? அங்கே வழிகாட்டியாக இருப்பவர்களே இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அந்த நிலத்தை வருடம் முழுக்க நடந்து தெரிந்தவர்கள் அவர்கள், அவர்கள் பேச்சை ஒதுக்கியது எனக்குத் தப்பாகத்தான் படுகிறது.

அலையாத்தி

மணல்மேடு, இரண்டாவது கேள்வி நியாயமானது. தேய்மானத்தை வருடா வருடம் அளந்து, தேவைப்பட்டால் பட்டியலை மாற்ற வேண்டும், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் மீதி நிலத்தை ஏன் யாரும் கால் வைக்காமல் விட நினைக்கிறார்கள் என்பதற்கு அந்தத் தீவின் கடந்த காலத்தைப் பார்க்க வேண்டும்.

17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே ஸ்மீரன்பர்க் என்ற இடத்தில் திமிங்கிலக் கொழுப்பு காய்ச்சினார்கள். அடுப்புகள் இருந்த இடத்தில் கொழுப்பும் மணலும் சரளையும் சேர்ந்து கெட்டியாகி, சிமெண்டு போல வட்டமாக இன்னும் கிடக்கிறது, 400 வருடம் ஆகியும் கரையவில்லை. வளைகுடாவில் நிறைந்திருந்த போஹெட் திமிங்கிலங்கள் போய்விட்டன. அடுத்து வால்ரஸ், சீல் போல ஆனால் பெரிய, நீண்ட தந்தமுள்ள கடல் விலங்கு, தந்தத்துக்காகவும் தோலுக்காகவும். அடுத்து கரடி. பெட்டிக்குள் துப்பாக்கியைக் கட்டி, விசையோடு இறைச்சித் துண்டை இணைத்து வைத்துவிட்டு வேட்டைக்காரன் போய்விடுவான், கரடி தலையை உள்ளே விட்டு இழுத்தால் குண்டு பாயும். தாய் செத்த இடத்தில் குட்டி நிற்கும்.

சட்டம் ஒவ்வொன்றாகத்தான் வந்தது, ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட எல்லாம் முடிந்த பிறகு. துருவ மானுக்கு 1925. வால்ரஸுக்கு 1952, அப்போது அங்கே வால்ரஸே அநேகமாக இல்லை. பனிக்கரடிக்கு 1973, அந்த வருடம்தான் நார்வே, கனடா, டென்மார்க், சோவியத் ஒன்றியம், அமெரிக்கா ஐந்தும் கரடிப் பாதுகாப்பு உடன்பாடு செய்தன. வால்ரஸ் இப்போது ஆயிரக்கணக்கில் திரும்பி வந்திருக்கிறது, அதற்கு எழுபது வருடம் பிடித்தது. இந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள் இந்தத் தடவையாவது முன்னாலேயே சட்டம் போட நினைக்கிறார்கள், அதை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

கோவை குமரன்

நன்றி, கோபம் பாதி இறங்கிவிட்டது. மெயிலில் “1946” என்று ஏதோ வருகிறதே, அது என்ன? கரையில் கிடக்கிற ஒரு பழைய ஆணி, ஒரு திமிங்கில எலும்பு, நினைவுக்கு ஒன்று எடுத்து வந்தால் தப்பா? பேரன் கேட்டிருக்கிறான். அங்கே சாவதே சட்டவிரோதம் என்று வேறு ஒரு வீடியோவில் பார்த்தேன், உண்மையா? விசா பற்றியும் சொல்லுங்கள்.

திரோம்சோ தம்பி

எடுக்கவே கூடாது அண்ணா. 1946-க்கு முன் மனிதர் விட்டுப்போன எதுவும், துருப்பிடித்த தகர டப்பாவோ பீப்பாய் வளையமோ பலகைத் துண்டோ, தானாகவே சட்டப் பாதுகாப்பில் வந்துவிடும், தனியாக யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. கல்லறைகளும், வால்ரஸும் திமிங்கிலமும் வெட்டிய இடங்களில் கிடக்கும் எலும்புகளும், அலையாத்தி சொன்ன அந்தத் துப்பாக்கிப் பெட்டியோடு கிடக்கும் கரடி எலும்பும் எந்த வருடத்தவை என்றாலும் தொடக் கூடாது. அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் கூடாரம் போடக் கூடாது, தீ மூட்டக் கூடாது. முதல் தடவை பார்க்கும்போது குப்பை என்றுதான் நினைத்தேன். ஒரு வழிகாட்டி அக்கா என்னை ஒரு எலும்பு பக்கத்தில் முழங்காலிட வைத்தார். எலும்பின் காற்று படாத பக்கத்தில் மட்டும் கையகலப் பச்சை, பாசி, நடுவே ஊசித்தலை அளவு ஒரு வெள்ளைப் பூ. சுற்றிலும் வெறும் சரளை. அந்த எலும்பை எடுத்தால் அந்தத் தோட்டமும் போய்விடும்.

சாவு கதை பொய். யாரும் செத்தால் குற்றமில்லை, பெட்டியில் வைத்துப் புதைக்க இப்போது வழியில்லை, அவ்வளவுதான். நிலம் உறைந்தே கிடப்பதால் உடல் மக்காது, சவப்பெட்டி மெதுவாக மேலே தள்ளப்பட்டு வரும். அஸ்திக் கலசம் புதைக்க அனுமதி கேட்கலாம். பிரசவத்துக்கும் பெரிய மருத்துவமனை இல்லாததால் மாதம் நெருங்கும்போது தாய்மார்கள் நார்வேக்குப் போய்விடுவார்கள்.

விசா: ஸ்வால்பார்டுக்குத் தனி விசா இல்லை, ஆனால் அது ஷெங்கன் பகுதிக்கு, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு, வெளியே. நார்வே வழியாகத்தான் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஷெங்கன் விசா இரண்டு தடவை நுழையக்கூடியதாக இருக்கணும். இதை மட்டும் மறக்காதீர்கள், ஒரு தடவை விசா வைத்துக்கொண்டு போய்த் திரும்பி வர முடியாமல் நின்ற குடும்பத்தை எனக்குத் தெரியும். டிக்கெட்டோடு ஒரு சுற்றுச்சூழல் கட்டணமும் சேர்ந்து வரும், அந்தப் பணம் அங்கேயே பழைய குடிசை சரிசெய்யவும் கரையில் பிளாஸ்டிக் பொறுக்கவும் போகிறது.

மணல்மேடு

சரி, வருகிறவர்களுக்கு விதி. அங்கேயே குடியிருப்பவர்களுக்கு?

திரோம்சோ தம்பி

அவர்களுக்கும்தான். அங்கேயுள்ள முக்கிய ஊரான லாங்இயர்பியனில் பூனை வளர்க்க அனுமதி இல்லை, தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காகவும், ரேபிஸ் நோய்க்காகவும், அது அங்கே துருவ நரிகளிடம் இருக்கிறது. மான் வேட்டை குடியிருப்பவர்களுக்கு உண்டு, ஒரு சீசனுக்கு ஒரு மான், அதுவும் ஆளுநர் அலுவலகம் சொல்கிற பகுதியில், சொல்கிற வகை மான். சுட்ட பிறகு கீழ்த்தாடையை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், பல்லைப் பார்த்து வயது கணக்கிட்டு அடுத்த வருட எண்ணிக்கையை முடிவு செய்வார்கள். என் நண்பன் ஒருவன் தாடையைக் கொதிக்க வைத்துச் சுத்தம் பண்ணி, பெயர்ச்சீட்டு கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தான், கூடவே போனேன். மேசை மேல் வரிசையாகத் தாடைகள்.

புது விதியில் அவர்களுக்கு வலித்தது ஸ்நோமொபைல், பனி மேல் ஓட்டுகிற வண்டி. மார்ச் தொடங்கிய பிறகு சில ஃபியோர்டுகளின் கடற்பனி மேல் வண்டி ஓட்டக் கூடாது, சீல் குட்டி போடும் நேரம் அது. தலைமுறையாக அந்தப் பனி மேல் போய்ப் பழகிய குடும்பங்கள் உண்டு, அவர்கள் வருத்தம் உண்மையான வருத்தம்.

சட்டப்புத்தகம்

மணல்மேட்டின் முதல் கேள்விக்கு வருகிறேன், நிலக்கரி. அந்தக் கதையும் முடிந்துவிட்டது. லாங்இயர்பியனின் நிலக்கரி மின்நிலையம் 2023 அக்டோபரில் நின்றது, கடைசி நார்வேச் சுரங்கமான ஏழாம் எண் சுரங்கம் 2025 ஜூனில் மூடியது. பாரன்ட்ஸ்பர்க் என்ற ஊரில் ரஷ்யர்களின் சுரங்கம் மட்டும் நடக்கிறது, சம உரிமையின் கீழ்தான். நிலக்கரிக்குப் பதிலாக இப்போது டீசல் எரிக்கிறார்கள், அது எனக்கும் உவப்பாக இல்லை.

ஆனால் ஸ்வேயா என்ற சுரங்க ஊரைப் பாருங்கள். சுரங்கத்தை மூடினால் நிலத்தைப் பழையபடி ஆக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அந்தச் சுற்றுச்சூழல் சட்டம் சொல்கிறது. விமான ஓடுதளம், குடியிருப்பு, சாலை, துறைமுகம் எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்து, மலைச்சரிவை இயந்திரத்தால் பழைய வடிவத்துக்கு இழுத்து, ஓடைகளைப் பழைய தடத்தில் விட்டார்கள். அங்கேயும் 1946 விதி வந்தது, அதற்கு முந்தைய சில கட்டுமானங்களை அப்படியே நிற்கவிட்டார்கள். சுரங்கம் தோண்டிவிட்டுக் குழியைத் திறந்து போட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடம் நிலம் இல்லை, கடல். சம உரிமை எதுவரை? நிலத்துக்கும் 12 கடல் மைல் வரையிலான கடலுக்கும்தான் என்கிறது நார்வே. 1977-இல் 200 மைலுக்கு மீன்வளப் பாதுகாப்பு மண்டலம் அறிவித்து அங்கே தானே ஒழுங்குபடுத்துகிறது. இல்லை, அங்கும் ஒப்பந்தம் பொருந்தும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். 2017-இல் லாட்விய நிறுவனம் ஒன்றின் கப்பல் ஐரோப்பிய உரிமத்தோடு அங்கே பனி நண்டு பிடித்தபோது நார்வே கப்பலைப் பிடித்தது. நண்டு நீந்துகிறதா, கடலடியில் நடக்கிறதா என்பதில்தான் வழக்கே நின்றது. மீன் நீரில் வாழ்வது, மீன்வள மண்டலத்துக்குள் வரும். நண்டு தரையோடு ஒட்டி வாழ்வது, அதனால் கண்டத்திட்டுக்கு, அதாவது கரையிலிருந்து கடலுக்கு அடியில் நீளும் நிலத்துக்கு, சொந்தமான வளம், எண்ணெயும் எரிவாயுவும் போல. நண்டுக்கு விட்டுக்கொடுத்தால் நாளை எண்ணெய்க்கும் விட்டுக்கொடுக்க வேண்டும், அதனால்தான் ஒரு நண்டுக்கு அவ்வளவு பிடிவாதம். 2023 மார்ச்சில் நார்வே உச்ச நீதிமன்றம், 12 மைலுக்கு அப்பால் கண்டத்திட்டில் ஒப்பந்தத்தின் சம உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. என்னைக் கேட்டால் சட்டப்படி வலுவான தீர்ப்புதான், ஆனால் தன் வழக்கில் தன் நீதிமன்றமே முடிவு சொன்னதில் மற்ற நாடுகளுக்குத் திருப்தி வராது, அதில் ஆச்சரியமும் இல்லை.

மணல்மேடு

இதைத்தான் சொல்ல வந்தேன். சுற்றுச்சூழல் சட்டம் இறையாண்மைக்கும் ஒரு கருவி. 2024-இல் அங்கே தனியாருக்குச் சொந்தமான ஒரு பெரிய நிலம், சுமார் 60 சதுர கிலோமீட்டர், 300 மில்லியன் யூரோ என்று விலைக்கு வந்தது, தேசியப் பாதுகாப்பு என்று சொல்லி அரசு குறுக்கே நின்றது. அதையும் கரடிக்காகவா செய்தார்கள்?

சட்டப்புத்தகம்

கரடிக்காக இல்லை, யார் கைக்குப் போகும் என்ற பயத்தில்தான், அரசே அதை மறைக்கவில்லை. ஆனால் யார் வாங்கினாலும் அங்கே ஒரு ஓட்டல்கூடக் கட்டியிருக்க முடியாது, சுற்றுச்சூழல் சட்டம் விடாது. தீவுக்கூட்டத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாதுகாக்கப்பட்ட பகுதி. நோக்கம் இரண்டு இருக்கலாம். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்வரை எனக்கு அது போதும். எந்த நாள் நார்வேக் கப்பலுக்கு 300, இந்தியக் கப்பலுக்கு 500 என்று வருகிறதோ அன்று நானே உங்களோடு சேர்ந்து எழுதுவேன்.

அலையாத்தி

இந்தியர்கள் அங்கே இந்த விதிகளுக்குள்ளேயே வேலை செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூ-ஓலசுண்ட் என்ற ஆய்வு ஊரில் 2008 முதல் நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. அந்த ஊரில் வைஃபையும் புளூடூத்தும் கூடாது, சுற்றி 20 கிலோமீட்டருக்கு ரேடியோ மௌனம், அங்கேயுள்ள பெரிய ஆண்டெனாக்கள் தொலைவிலுள்ள விண்பொருள்களின் மெல்லிய சமிக்ஞையைக் கேட்டுப் பூமியின் அசைவை அளக்கின்றன. கப்பலில் வருகிற பயணியும் கரை இறங்கும் முன்பே போனை விமானப் பயன்முறைக்கு மாற்ற வேண்டும்.

குமரன் சார், விதை விஷயம் ஒன்று, வெளியிலிருந்து வரும் விதை அங்கே முளைத்துவிடக் கூடாது. கப்பலில் முதல் நாள் எல்லோருடைய ஷூ, கோட்டு, கேமராப் பை எல்லாவற்றையும் வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்யச் சொல்வார்கள். ஒட்டுப்பட்டையில்தான் (வெல்க்ரோ) விதைகள் அதிகம் சிக்கியிருக்கும், ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருக்கும். அலுப்பு பார்க்காதீர்கள். முன்பு கால்நடைத் தீவனத்தோடு கப்பலில் வந்த ஒரு வகை எலி அங்கே ஒரு பழைய சுரங்க ஊர்ப் பக்கம் நிலைத்துவிட்டது, அதோடு ஒரு நாடாப்புழு நோயும் நிலைத்துவிட்டது. வைக்கோல் கட்டுக்குள் ஒளிந்து வந்தது அது.

கோவை குமரன்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன், மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தத் தாய்க்கரடி விஷயம் வந்ததும் அவள் “அப்போ ஜூலைக்கு மாத்திடலாமா, 300 மீட்டர்தானே” என்றாள், பிறகு அவளே வேண்டாம் என்றுவிட்டாள். தம்பி, ஜூனா ஜூலையா, எது நல்லது?

திரோம்சோ தம்பி

ஜூனிலேயே போங்கள் அண்ணா. பனி இருக்கும், பறவைகள் பாறையில் கூடு கட்டியிருக்கும், அந்தப் பாறைக்கு 500 மீட்டருக்குள் வந்தால் கப்பல் ஊர்ந்துதான் போகும், பறவைச் சத்தம் காதில் நிறைய நேரம் நிற்கும். கரடிக்கு லென்ஸை விடப் பைனாகுலர் நல்லது, 10 மடங்கு போதும், ஆளுக்கு ஒன்று. அரை கிலோமீட்டரில் அது மஞ்சள் புள்ளி இல்லை, நடையும் கழுத்து ஆட்டமும் தெரியும். உங்களைக் கவனிக்காமல் தன் வேலையைப் பார்க்கிற கரடியைப் பார்ப்பீர்கள், எங்கள் கப்பலில் இருந்தவர்களுக்கு அது அன்று கிடைக்கவில்லை. வெந்நீர் பிளாஸ்க் எடுத்துப் போங்கள், மேல்தளத்தில் காற்று கடுமையாக இருக்கும்.

கோவை குமரன்

சரி தம்பி. ட்ரோனை மச்சினனிடம் கொடுத்துவிட்டேன், பைனாகுலர் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். விசாவில் இரண்டு நுழைவு என்று இன்று காலையே மாற்றிப் போட்டாயிற்று. பேரனுக்கு எலும்பு கிடையாது, பக்கத்தில் அந்த வெள்ளைப் பூ இருந்தால் படம் எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.